பழைய ஹைலக்ஸ் கெப்போட பின்பக்க ஸ்பிரிங் பிளேட் மாத்தணும். டிரெய்லர் இழுக்க எத்தனை பிளேட் சரி?

வெலிமடைக்காரன்:
அண்ணன்மாரே, ஒரு யோசனை வேணும். வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என்.106 டபள் கெப், 2.8 டீசல். பின் பிளேட் ரெண்டு பக்கமும் தட்டையாப் போச்சு. வெறும் வண்டியிலேயே எக்சலுக்கும், அது சேசிஸ்ல இடிக்காம தடுக்கிற பம்ப் ஸ்டொப் ரப்பருக்கும் நடுவுல ரெண்டு விரல் அளவுதான் இடம். சமதரையில அளந்தா இடது பக்கம் வலதை விட 20 மி.மீ. கீழே நிக்குது.

இழுக்கப்போறது ஒற்றை எக்சல் டிரெய்லர். 500 லீட்டர் தண்ணி டேங்க், மருந்தடிக்கிற பம்ப், ஹோஸ் எல்லாம் சேர்ந்து நிறைஞ்சா சுமார் 900 கிலோ. டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கிடையாது. ஓடுற பாதை வெலிமடை – ஹக்கல – நுவரெலியா, சில நேரம் றம்பொடை இறக்கமும் வரும். கராஜ்ல பழசையே அடிச்சு வளைவு ஏத்தி, கூட ரெண்டு பிளேட் போடலாம்னு சொல்றாங்க. அது போதுமா, புது செட்டா? அடியில நின்னு வேலை செய்ற குழி (பிட்) இல்லாம வீட்டு முற்றத்துல செய்ய முடியுமா?

பட்டறைச்சத்தம்:
தம்பி, 20 மி.மீ. வித்தியாசம் சும்மா வராது. இடது பக்கம் ஒரு பிளேட் உடைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். பிளேட்டை எக்சலோட கட்டுற யூ போல்ட் பிடிச்சிருக்கிற இடத்துக்குள்ள, பிளேட்டுகளை நடுவுல கோக்கிற சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டித்தான் பெரும்பாலும் உடையும். வெளிய இருந்து பார்த்தாத் தெரியாது. சேற்றைக் கழுவி கம்பி பிரஷ்ஷால தேய்ச்சா, இடுக்கில இருந்து சிவப்புத் துரு கோடு போட்டு வடிஞ்சிருக்கிறது தெரியும். அப்படி இருந்தா வளைவு ஏத்துற பேச்சே வேண்டாம்.

உடையாம இருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்வேன். பிளேட் இரும்பை ஏறக்குறைய 850 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, எண்ணெயில முக்கி, திரும்ப 450 – 500 பாகையில பதம் வைக்கணும். கரி உலையில கண்ணால பார்த்து அந்தப் பதம் வர்றது அபூர்வம். சிவக்க வச்சுத் தண்ணியில முக்கினா கண்ணாடி மாதிரி நொறுங்கும். தானா ஆற விட்டா இரும்பு மெத்துனு ஆகி கொஞ்ச நாள்ல பழைய தட்டை. சூடாக்காம குளிர அடிக்கிறது இதை விடத் தேவலை. ஆனா துரு பிடிச்சு குழி விழுந்த பழைய பிளேட்ல சுத்தியல் தழும்பும் சேர்ந்தா விரிசல் அங்கேயே ஆரம்பிக்கும்.

கூட ரெண்டு பிளேட் கதைக்கு வருவோம். 900 கிலோ டிரெய்லர்ல கொக்கியில உட்கார வேண்டியது சுமார் 10 சதவீதம், அதாவது 90 கிலோ. பின் எக்சல்ல இருந்து கொக்கி 1.2 மீட்டர் பின்னால இருக்குன்னு வைங்க. உங்க வண்டியோட வீல் பேஸ் 2.85 மீட்டர். கணக்குப் போட்டா பின் எக்சலுக்கு ஏறக்குறைய 128 கிலோ கூடும், முன் எக்சல்ல 38 கிலோ குறையும். பின்னால ரெண்டு ஆள் ஏறின பாரம்தான் இது. நல்ல நிலையில உள்ள கம்பெனி செட் இதைத் தாராளமாத் தாங்கும்.

லொறியில கழட்டின தடிச்ச பிளேட்டைச் செருகுற பழக்கம் இருக்கே, அதைக் கிட்ட விடாதீங்க. பிளேட்டோட விறைப்பு தடிப்பின் மூணாம் அடுக்குல ஏறும். 6 மி.மீ. பிளேட்டுகளுக்கு நடுவுல ஒரு 8 மி.மீ. போட்டா அது ஒண்ணே ரெண்டேகால் பிளேட்டுக்கு மேல விறைக்கும். வளையுற அளவு எல்லாத்துக்கும் ஒண்ணுதான், ஆனா தடிச்ச பிளேட்டுக்கு உள்ள இழுவை அதிகம். அதனால அதுதான் முதல்ல உடையும். வெறும் வண்டி தோட்டத்து ரோட்டுல குதிக்கிற குதியில பிளேட்டோட பின் முனையைச் சேசிஸோட இணைக்கிற ஷேக்கிலோட தாங்கியில விரிசல் விழும். ஈர இறக்கத்துல பிரேக் பிடிச்சா பின் டயர் தரையில ஒட்டாம துள்ளும்.

என் தீர்ப்பு: ஜோடியா புது செட், கம்பெனி எண்ணிக்கை, அடியில அந்தத் தட்டையான லோட் பிளேட்டோட. பாரம் ஏறும்போது மட்டும்தான் அது வேலைக்கு வரும். கொழும்பு பஞ்சிகாவத்தையில ஜப்பான் ரீகண்டிஷன் (பாவிச்ச) செட்டும் கிடைக்கும். அதை வாங்குறதுன்னா ரெண்டையும் தரையில பக்கத்துப் பக்கத்துல வச்சு வளைவு ஒண்ணா இருக்கான்னு பாருங்க, பிளேட் நுனி மேல் பிளேட்ல பள்ளம் தோண்டியிருக்கான்னும் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்துறது காசைக் கரைக்கிற வேலை.

சென்டர்போல்ட்:
முற்றத்துல செய்யலாம், ஆனா முற்றம் நிஜமாவே சமதரையா இருக்கணும். நம்ம பக்கத்துல சமதரைன்னு சொல்றதே ஒரு சரிவுதான், மட்டம் பிடிச்சுப் பாருங்க. பின்பக்கம் தூக்கினதும் கியரும் ஹேண்ட் பிரேக்கும் வண்டியைப் பிடிக்காது, ரெண்டுமே பின் வீலைத்தான் பிடிக்குது. முன் டயர் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைங்க.

வாங்க வேண்டியது: செட் 2, புது யூ போல்ட் 4, நட்டு 8, புஷ் (ரப்பர் உறை) முழுசும், ஷேக்கில் பின் (ஆணி) தேய்ஞ்சிருந்தா அதுவும். ஒரு பக்கத்துக்கு முன்பக்கக் கண் (பிளேட் முனையில சுருட்டின துளை), பின்பக்கக் கண், சேசிஸ்ல ஷேக்கில் துளைன்னு மூணு இடம். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு அரைத்துண்டா வர்ற புஷ் என்றால் மொத்தம் 12. பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீங்க. ஒரு தடவை முறுக்கி இழுபட்டு, மரைப்புரியும் துருப்பிடிச்ச போல்ட் சொன்ன இறுக்கத்தைப் பிடிக்காது.

முதல் நாள் ராத்திரியே எல்லா நட்டுக்கும் டபிள்யூ.டி. 40 அடிச்சு ஊற விடுங்க. வீல் நட்டைத் தரையில இருக்கும்போதே தளர்த்துங்க. பிறகு வண்டியைத் தூக்கி, ஜேக் ஸ்டேண்ட் ரெண்டையும் சேசிஸ்ல, பிளேட்டோட முன் தாங்கிக்கு முன்னால வைங்க. எக்சலுக்குத் தனியா ஒரு ஜேக். ஷொக் எப்சோபரோட கீழ் நட்டைக் கழட்டினா எக்சல் இன்னும் இறங்கும், அப்போ பிரேக் ஹோஸ்ல தொங்க விடாதீங்க. பாரம் அறியும் பிரேக் வால்வோட கம்பியையும் இந்த நேரம் எக்சல்ல இருந்து கழட்டிடணும், இல்லாட்டி வளைஞ்சுடும்.

ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும். மற்றப் பக்கம் எக்சலைப் பிடிச்சு வச்சிருக்கும், முன்னும் பின்னும் நகராது. பிளேட்ல பாரமே இல்லாத உயரத்துக்கு ஜேக்கைச் சரி பண்ணிட்டு யூ போல்ட், பிறகு ஷேக்கில், கடைசியா முன்பக்கக் கண்ணோட பின் (ஆணி)னு கழட்டுங்க.

புது செட்டை ஏத்தும்போது பிழை வர்ற இடம் ரெண்டு. சென்டர் போல்ட்ல இருந்து ரெண்டு கண்ணுக்கும் உள்ள நீளத்தை அளங்க; ரெண்டும் ஒண்ணா இல்லாட்டி பழைய செட்டோட அளவை வச்சு எது முன்பக்கம்னு பாருங்க. திருப்பிப் போட்டா எக்சலே இடம் மாறி வண்டி கோணலா ஓடும். ரெண்டாவது, சென்டர் போல்ட்டோட தலை எக்சல் மேடையில உள்ள குழிக்குள்ள முழுசா உட்காரணும். குழியில பழைய துரு உருண்டு கிடந்தா தலை மேல நிக்கும், யூ போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் பிறகு தளரும்.

யூ போல்ட் நட்டு நாலையும் குறுக்கும் மறுக்குமா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. நாலு முனையிலயும் வெளிய தெரியுற புரி ஒரே அளவு இருக்கணும். 12 மி.மீ. யூ போல்ட்டுக்கு சுமார் 120 நியூட்டன் மீட்டர், இறுக்கம் அளக்கிற டோர்க் ஸ்பேனரால. கண் பின், ஷேக்கில் நட்டுகளை அப்போ கையிறுக்கமா மட்டும் விடுங்க. வீல் போட்டு, வண்டியைத் தரையில இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, பாரம் உட்கார்ந்த பிறகுதான் அவற்றுக்குக் கடைசி இறுக்கம். தொங்குற நிலையில இறுக்கினா ரப்பர் புஷ் எப்பவும் முறுகியே நிக்கும், சீக்கிரம் கிழியும். முதல் பார ஓட்டத்துக்குப் பிறகு ஒரு தடவை, 500 கி.மீ.யில இன்னொரு தடவை யூ போல்ட்டைத் திரும்ப முறுக்கிப் பாருங்க.

இறக்கத்துல_ரெண்டாம்கியர்:
சென்டர்போல்ட் அண்ணன் போற போக்குல சொன்ன வால்வுதான் மலைநாட்டுல முக்கியம். சேசிஸுக்கும் எக்சலுக்கும் உள்ள தூரத்தை வச்சு பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடணும்னு அது முடிவு பண்ணும். தட்டைப் பிளேட்ல வண்டி எப்பவும் தாழ்ந்தே நின்னதால பாரம் இருக்குன்னு நினைச்சு அழுத்தத்தைத் தாராளமா விட்டிருக்கும். கம்பெனி உயரத்துல புது செட் வந்தா கம்பி பழைய நீளத்துல இருக்கலாம், யாரும் அதுல கை வைக்காம இருந்திருந்தா. கூட பிளேட் போட்டு 40 மி.மீ. தூக்கினீங்கன்னா பாரம் ஏத்தின வண்டியையும் வெறும் வண்டின்னே வால்வு எடுக்கும். பின் பிரேக் பாதி வேலை செய்யும், முன் டிஸ்க் சூடேறும். றம்பொடை மாதிரி வளைவு மேல வளைவா வர்ற இறக்கத்துல பெடல் அடியில போறது இப்படித்தான். கம்பியை மேலே தூக்கிக் கட்டி வைக்கிறவங்களும் இருக்காங்க. ஈர ரோட்டுல வெறும் வண்டியோட பின் டயர் பூட்டிச் சறுக்கும். உயரம் மாறினா பிரஷர் கேஜ் உள்ள கராஜ்ல காட்டிச் சரி பண்ணுங்க.

டிரெய்லருக்கு பிரேக் வேணும். பல நாடுகள்ல 750 கிலோவுக்கு மேல அது கட்டாயம். ஸ்பிரிங் பிளேட் பாரத்தைத் தாங்கும், ஆனா நிறுத்தாது.

டேங்கை ஒண்ணு நிறைச்சு ஓட்டுங்க, இல்லாட்டி காலியா ஓட்டுங்க. பாதித் தண்ணியோட ஹக்கல ஏத்தத்துல தண்ணி பின்னுக்கு ஓடி கொக்கி பாரத்தைக் குறைக்கும், டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். இறக்கத்துல முன்னுக்கு வந்து மொத்தமா வண்டி மேல தள்ளும். உள்ள தடுப்புத் தகடு இருந்தா இது குறையும். கொக்கி பாரத்தை ஆள் நிறுக்கிற தராசுலயே பார்க்கலாம்: டிரெய்லர் மட்டமா நிக்கிற உயரத்துக்குக் கட்டை அடுக்கி, அதுக்கு மேல தராசை வச்சு, கொக்கியை இறக்குங்க. குறைஞ்சா பம்பை முன்னுக்கு நகர்த்துங்க.

புது செட் போட்டதும் கொக்கி உயரும், அதைக் கீழே இறக்குற தாழ்ந்த தகடு தேவைப்படலாம். ஹெட்லைட்டையும் திருப்பிச் சரி பண்ணுங்க.

வெலிமடைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே. தேய்ச்சுப் பார்த்தேன், இடது பக்கம் ரெண்டாவது பிளேட்ல துருக்கோடு இருக்கு. புது செட்டே வாங்குறேன். இன்னொண்ணு, முன்பக்கக் கண்ணோட பின் அசையவே மாட்டேங்குது. கேஸ் அடிச்சுச் சூடாக்கலாமா?

சென்டர்போல்ட்:
வேண்டாம். பக்கத்துலயே பிரேக் பைப்பும் டீசல் பைப்பும் போகுது, ரப்பரும் பத்திக்கும். பழைய பிளேட் எப்படியும் இரும்புக்கடைக்குத்தான். யூ போல்ட்டும் ஷேக்கிலும் கழன்ற பிறகு, பிளேட்டுக்கு அடியில கட்டை கொடுத்து, முன் கண்ணுக்குக் கொஞ்சம் பின்னால கிரைண்டரால அறுத்துடுங்க. மிச்சக் கண் பின்னோட தனியா நிக்கும், அதை பைப் ஸ்பேனரால பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டினா ரப்பர் விட்டுக்கொடுக்கும். பொறி பறக்குற பக்கத்துல ஈரச் சாக்கு போட்டுக்கங்க. புது பின்னுக்கு கொப்பர் கிரீஸ் தடவிப் போடுங்க, புஷ் ரப்பர்ல மட்டும் படாம.