மோட்டாரை மாற்றிய பிறகும் ரேடியேட்டர் சூடாகவில்லை

கேள்வி

எங்கள் வீட்டைச் சூடாக்க, தண்ணீரைக் காய்ச்சும் ஒரு பாய்லர், அந்தத் தண்ணீரை மோட்டாரால் திறந்து மூடிவிடும் இரண்டு மோட்டார் வால்வுகள். ஒன்று அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு, மற்றொன்று வெந்நீர்த் தொட்டிக்கு. காலையில் வெந்நீருக்கு வைத்திருக்கும் ஒரு மணி நேரம் ரேடியேட்டர்களும் நன்றாகச் சூடாகின்றன. அந்த நேரம் முடிந்ததும் பாய்லர் அடங்கிவிடுகிறது. அறையின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 25 டிகிரிக்கு ஏற்றினாலும் அசைவதில்லை. வால்வின் மோட்டார் போய்விட்டது என்று ஒருவர் சொன்னதால் அதை மட்டும் மாற்றினேன். பயனில்லை. அம்மா கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனம் தாங்கவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு வால்வையே மாற்ற வேண்டுமா?

பதில் 1

தண்ணீரைச் சுற்றவிடும் பம்பைப் பாருங்கள். எங்கள் வீட்டில் பம்பு சிக்கிக்கொண்டபோதும் ரேடியேட்டர்கள் சில்லென்றுதான் இருந்தன.

பதில் 2

பம்பாக இருக்காது. வெந்நீர் நேரத்தில் ரேடியேட்டர் சூடாகிறதே, அப்படியானால் பம்பும் ஓடுகிறது, வால்வும் திறக்கிறது. திறந்த செய்திதான் பாய்லருக்குப் போய்ச் சேரவில்லை.

வால்வின் தலைக்குள், அதாவது மேலே இருக்கும் பெட்டிக்குள், மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு மைக்ரோ சுவிட்ச் இருக்கிறது. வால்வு முழுதாகத் திறந்ததும் அது அழுந்தி, சாம்பல் வயரில் காத்திருக்கும் மின்சாரத்தை ஆரஞ்சு வயருக்கு விடும். பாய்லரையும் பம்பையும் கிளப்புவது அந்த ஆரஞ்சு வயர்தான். காலையில் வெந்நீர் வால்வின் சுவிட்ச் பாய்லரைக் கிளப்பிவிடுகிறது. அதன் தயவில் உங்கள் ரேடியேட்டர்களும் சூடாகின்றன.

முதலில் வால்வின் பக்கவாட்டிலுள்ள சிறு லீவரைத் தள்ளிப் பாருங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போது ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ள வேண்டும். தெர்மோஸ்டாட்டை ஏற்றிச் சில விநாடிகளில் அது தொளதொளவென்று ஆகிவிட்டால் மோட்டார் நன்றாக இருக்கிறது. அடுத்து வோல்ட் அளக்கும் மீட்டரில் நீல (நியூட்ரல்) வயரோடு சேர்த்துச் சாம்பலையும் ஆரஞ்சையும் தனித்தனியே பாருங்கள். சாம்பலில் 230 வோல்ட் இருந்து ஆரஞ்சில் இல்லையென்றால் சுவிட்ச்தான் போயிருக்கிறது.

இந்தச் சோதனையின்போது வெந்நீர் அணைந்திருக்க வேண்டும். இரண்டு வால்வுகளின் ஆரஞ்சு வயர்களும் ஒன்றாகவே இணைந்திருக்கும். வெந்நீர் வால்வு திறந்திருந்தால் இங்கேயும் 230 காட்டும். இது தோன்றாமல் நான் ஒருமுறை அரை நாளை வீணாக்கியிருக்கிறேன்.

தெர்மோஸ்டாட்டை அணைத்துவிட்டோம் என்று நம்பி உள்ளே கை வைக்காதீர்கள். சாம்பல் வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். மொத்த அமைப்புக்குமான சுவிட்சை அணைத்து, பியூஸை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடுங்கள். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லையென்றால் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள், தயவுசெய்து.

சுவிட்ச் போயிருந்தால் தலையை மாற்றினால் போதும். அது தனியாகக் கழலும் வகையானால் தண்ணீரை வடிக்க வேண்டியதில்லை. கழலாத பழைய வகையில் அடித்தட்டைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தொடாதீர்கள், தண்ணீர் பீறிடும். புதிய தலையைப் பொருத்துமுன் வால்வின் தண்டைத் திருப்பிப் பாருங்கள். அது இறுகியிருந்தால் புதிய மோட்டாரும் சீக்கிரம் கருகிவிடும்.

கேட்டவர்

நீங்கள் சொன்னபடியேதான், ஐயா! லீவர் தொளதொளத்தது. சாம்பலில் 236, ஆரஞ்சில் 3. பழைய தலையைத் திறந்தபோது சுவிட்சின் ஒரு மூலை பழுப்பேறி உருகியிருந்தது. தண்டு இலகுவாகத் திரும்பியதால் தலையை மட்டும் மாற்றினேன். வெந்நீரை அணைத்துவிட்டுத் தெர்மோஸ்டாட்டை ஏற்றினேன். மெல்லிய ரீங்காரம், பிறகு ஒரு ‘டிக்’, உடனே பாய்லர் பற்றிக்கொண்டது. அம்மா இப்போது கம்பளியை மடித்து வைத்துவிட்டார். பழைய தலையில் நான் போட்ட புது மோட்டாரை என்ன செய்வது?

பதில் 2

வெந்நீர் வால்வும் அதே மாதிரி என்றால் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். அதிலிருக்கும் மோட்டாருக்கும் வயதாகிவிட்டது.