பாத்திரத்தைச் சாகடிக்கலாமா, வேண்டாமா? கதையிலும் கேமிலும் பார்த்தவை

நாவல் திருத்துநர்:

பாத்திரத்தைக் கொல்லும் பிரதிகளில் திரும்பத் திரும்ப வரும் குறை ஒன்றுதான். சாவுக் காட்சி நன்றாக இருக்கும். அடுத்த மூன்று அத்தியாயம் நகராது. செத்தவர் கதைக்குள் ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை எழுதியவர் கவனித்திருக்க மாட்டார். நாயகனைப் பார்த்து "நீ செய்யறது தப்பு" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவராக இருந்திருப்பார். இல்லையென்றால், எதிரி வீட்டுச் சேதி அவர் வழியாகத்தான் வாசகருக்கு வந்துகொண்டிருக்கும்.

அதனால் முதலில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் அந்த ஆள் செய்யும் வேலைகள், வலப்பக்கம் அவர் போன பிறகு அதை யார் செய்வார் என்பது. வலப்பக்கம் பெரும்பாலும் காலி என்றால் கொல்ல வேண்டாம், கதை படுத்துவிடும். எல்லா வரியும் சட்டென்று நிரம்பிவிட்டாலும் கொல்ல வேண்டாம். அவர் போனதில் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். ஓரிரு வரி காலியாக நிற்க வேண்டும், அந்தக் காலியிடத்தில் மிஞ்சியவர்கள் தடுமாற வேண்டும். அப்படிப்பட்ட சாவுதான் கதைக்கு உதவும்.

எங்கே வைப்பது என்பதற்குச் சிலப்பதிகாரத்தை விடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. மொத்தம் 30 காதை, கோவலன் வெட்டுப்படும் கொலைக்களக் காதை 16ஆவது. சாவுக்குப் பின் 14 காதை மிச்சம். கண்ணகி அரசன் முன் நிற்கும் வழக்குரை காதை 20ஆவது. சாவை நடுவில் வைத்ததால்தான் அதன் விளைவு முழுவதற்கும் இடம் கிடைத்திருக்கிறது. முடிவுக்குப் பத்துப் பக்கம் இருக்கும்போது கொன்றால் அழ மட்டும்தான் நேரம் இருக்கும்.

அதே காதையின் தொடக்கத்தைப் பாருங்கள். ஆயர் வீட்டில் கண்ணகி தன் கையால் சமைக்கிறாள். வாழைக் குருத்தை விரித்துப் பரிமாறுகிறாள், அவன் உண்டதும் வெற்றிலை பாக்குத் தருகிறாள். அந்தச் சாப்பாடு முடிந்துதான் அவன் சிலம்போடு கடைவீதிக்குப் போகிறான். புலம்பலோ பிரியாவிடை வசனமோ வைத்து நம்மை அழவைக்க முயலவில்லை, ஒரு வேளைச் சோறு போதுமாக இருக்கிறது. கொலையும் நீளமில்லை. காவலர்கள் தயங்குகிறார்கள், பொற்கொல்லன் பேசிப் பேசித் தயக்கத்தைக் கரைக்கிறான், கடைசியில் குடித்திருந்த ஒருவன் வெட்டிவிடுகிறான். நீள்வது தயக்கம்தான், வெட்டு ஒரு நொடி. நம் பிரதிகளில் இது பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்.

இன்னொன்று: 17ஆம் காதையில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை என்று ஆய்ச்சியர் கலங்கிக் குரவை ஆடுகிறார்கள். அவன் செத்தது நமக்குத் தெரியும், கண்ணகிக்குத் தெரியாது. செய்தி 18இல்தான் அவளிடம் வருகிறது. சாவுக்கும் செய்திக்கும் நடுவில் இப்படி ஓர் இடைவெளி விட்டுப் பாருங்கள்.

டி&டி மேசை நடத்துபவர்:

நாவலில் ஒருவர் முடிவெடுக்கிறார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி&டி) என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு, எதிரிகளை ஆட்டுபவர் நடத்துபவர். அந்த மேசையில் பாதி முடிவைப் பகடை எடுக்கிறது. அதனால் எந்தச் சாவு விதியால் வருகிறது, எது நம் கையில் இருக்கிறது என்று பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே உள்ளவை 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு விதிகள்.

ஹிட் பாயிண்ட் (பாத்திரத்தின் உயிர்க்கணக்கு) 0 ஆனால் விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் டி20, அதாவது 20 முகப் பகடை உருட்டுவார். 10 அல்லது மேல் வந்தால் வெற்றி, கீழே தோல்வி. மூன்று வெற்றி வந்தால் உயிர் நிலைபெறும், மூன்று தோல்வி வந்தால் சாவு. 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் 1 ஹிட் பாயிண்டோடு எழுந்துவிடுவார். யாரும் உதவாவிட்டால் சாகும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம்.

விழுந்தவரை எதிரி மறுபடி அடிப்பதா என்பது முழுக்க நடத்துபவரின் முடிவு. 5 அடி தூரத்துக்குள் நின்று அடித்தால் அது தானாகவே கிரிட்டிகல் என்ற பலத்த அடி, அதாவது ஒரே அடியில் இரண்டு தோல்வி. ஓநாய்க் கூட்டம் விழுந்தவரை இழுத்துக்கொண்டு போகும், கூலிக்கு வந்த கொள்ளைக்காரன் நிற்பவரைத்தான் பார்ப்பான். எதிரி எப்படிப்பட்டவன் என்பதைச் சண்டைக்கு முன்பே முடிவு செய்து குறித்துவையுங்கள். விழுந்த பிறகு யோசித்தால் எந்த முடிவும் பாரபட்சமாகத்தான் தெரியும்.

முதல் லெவலில் கவனம் தேவை. 7 ஹிட் பாயிண்ட் உள்ள மந்திரவாதிக்கு 14 சேதம் ஒரே அடியில் வந்தால், 0 ஆன பிறகும் மிஞ்சிய சேதம் 7, அவருடைய முழு ஹிட் பாயிண்ட் அளவைத் தொட்டுவிடும். பகடைக்கே இடமில்லாமல் அங்கேயே சாவு. ஓர்க் என்ற முரட்டு எதிரியின் பெருங்கோடரிச் சேதம் டி12+3, அதாவது 12 முகப் பகடையில் விழுவதோடு 3. கிரிட்டிகல்கூட வேண்டாம், 11 விழுந்தாலே முடிந்தது. முதல் நாள், முதல் சண்டை, இரண்டு வாரம் யோசித்து உருவாக்கிய பாத்திரம். புதியவர்கள் இருக்கும் மேசையில் அந்த ஓர்க்கை மூன்றாம் லெவல் வரை தள்ளிவைப்பேன்.

உயிர்ப்பிக்கும் வழியும் கணக்கில் வரவேண்டும். ரிவிவிஃபை என்ற உயிர்ப்பிக்கும் மந்திரத்துக்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் தேவை, செத்து ஒரு நிமிடத்துக்குள், அதாவது 10 சுற்றுக்குள் போட வேண்டும். கிளெரிக்குக்கு (தெய்வ அருளால் மந்திரம் போடும் பாத்திரம்) அது ஐந்தாம் லெவலில்தான் கிடைக்கும். ரெய்ஸ் டெட் என்ற இன்னொரு மந்திரத்துக்கு 500 காசு வைரம், 10 நாள் அவகாசம். ஆகவே உங்கள் உலகில் வைரம் எந்த ஊரில் கிடைக்கும் என்பதுதான் சாவு எவ்வளவு கனமானது என்பதைத் தீர்மானிக்கிறது. மூலைக் கடையிலெல்லாம் வைரம் விற்றால் சாவு 300 காசு அபராதம், அவ்வளவே.

கேம் கதை எழுதுபவர்:

வீடியோ கேமில் சாவின் விலை எழுதும் வேலையில் தெரியும். 12 தோழர்களில் ஒவ்வொருவரும் இருக்கலாம் அல்லது செத்திருக்கலாம் என்றால் 4096 நிலைகள். அத்தனைக்கும் வசனம் எழுத முடியாது. எனவே சாகக்கூடியவரைக் கதையின் ஓரத்துக்குத் தள்ளுவார்கள். 1990இல் தொடங்கிய ஃபயர் எம்ப்ளம் என்ற போர் உத்தி கேம் வரிசையில் இதைப் பார்க்கலாம்: அணியில் சேரும்வரை நிறையப் பேசுகிற பலர், சேர்ந்தபின் முதன்மைக் கதையில் வாயே திறப்பதில்லை. கதைக்கு அவசியமான சிலர் தோற்றால் சாகாமல் காயத்தோடு பின்வாங்குவதும் இதனால்தான்.

நிரந்தரச் சாவு வைத்தால் பலர் ஆளை இழந்ததும் ரீசெட் செய்வார்கள். அப்போது சாவு சோகமாக இருப்பதில்லை, அரைமணி நேர மறுஆட்டமாகிறது. அதே வரிசை 2010இல் விழுந்தவர் அடுத்த களத்தில் திரும்பும் கேஷுவல் முறையைக் கொண்டுவந்தது, 2019இல் வந்த த்ரீ ஹவுசஸில் சில நகர்வுகளைத் திரும்பப் பெறலாம். சலுகை என்று இதைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ரீசெட் பொத்தான் ஏற்கெனவே ஆடுபவர் கையில்தான் இருந்தது.

விதியையும் கதையையும் நன்றாகக் கட்டியது 2010இன் மாஸ் எஃபெக்ட் 2 என்ற விண்வெளி கேம் என்பேன். கப்பலுக்குக் கவசம், தடுப்புக் கேடயம், பீரங்கி என்று மூன்று மேம்பாடு. ஒவ்வொன்றைத் தவிர்த்தாலும் கடைசிப் பயணத்தில் ஒருவர் சாகிறார். யார் ஏன் செத்தார் என்று ஆடியவர் விரல் வைத்துக் காட்ட முடிகிறது. இரண்டு தோழராவது பிழைக்காவிட்டால் நாயகப் பாத்திரமே சாகும்.

நாவல் திருத்துநர்:

கடைசியாக விட்டுப்போனது ஒன்று. கொல்ல மனம் இருக்கிறது, உறுதியில்லை என்றால் பிணத்தைக் காட்டாதீர்கள். 1893 டிசம்பரில் வெளியான கதையில் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் ரைஹன்பாக் அருவியில் எதிரியோடு விழுந்துவிட்டதாக நம்பப்பட்டபோது அவர் நண்பர் வாட்சன் கண்டது விளிம்புவரை போய்த் திரும்பாத இரண்டு பேரின் காலடித் தடமும் ஒரு கடிதமும்தான். 1903இல் அவரைத் திரும்பக் கொண்டுவர அது போதுமானதாக இருந்தது. ஆனால் பிணத்தைக் காட்டாவிட்டால் வாசகர் காத்திருப்பார், அந்தக் காத்திருப்பில் மற்றவர்களின் துக்கத்தை நம்ப மாட்டார். துக்கம் வேண்டும் என்றால் உடலைக் காட்டுங்கள், யார் அதைக் கழுவினார்கள் என்பது வரை எழுதுங்கள்.

டி&டி மேசை நடத்துபவர்:

மேசையில் உடலுக்கு அடுத்து மூட்டைதான். செத்தவரின் மந்திரப் பொருள் யாருக்கு என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். நண்பர்கள் சண்டை போட்டுக்கொள்வது சாவை விட அதனால்தான் அதிகம். ஆளை இழந்தவர் மிச்ச இரண்டு மணி நேரம் சும்மா உட்காரக் கூடாது, எதிரிகளில் ஒருவரை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்த அறையில் கைதியாக ஒரு புதிய பாத்திரம், அதே லெவலில், அதன் விவரத் தாள் தயாராக இருக்கட்டும்.