ஆராதனை மொழி பற்றிய பிணக்கு: சபை பிரியாமல் முடிவெடுப்பது எப்படி?

கேள்வி: சபைச் செயலாளர், யாங்கோன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். யாங்கோனில் உள்ள எங்கள் சிறிய தமிழ்ச் சபை ஓராண்டாக ஒரே விஷயத்தில் இரண்டுபட்டு நிற்கிறது. ஞாயிறு ஆராதனை முழுவதும் தமிழிலேயே நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். வேதவாசிப்பும் பிரசங்கமும் பர்மிய மொழியில் இருந்தால்தான் விளங்குகிறது என்று வாலிபர்கள் சொல்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பர்மிய மொழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் ஒரு சங்கீதத்தை எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் பொருள் கைநழுவிப் போய்விடும். பெரியவர்களோ, 1960-களில் உற்றார் உறவினர் கப்பலேறிச் சென்னைக்குப் போனபோது இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்தார். கடைகள் போயின, மிஷன் பள்ளிகள் அரசின் கைக்குப் போயின, 1966-இல் வெளிநாட்டு மிஷனரிமாரும் போனார்கள். அவர்கள் கையில் மிஞ்சியவை தமிழ் வேதாகமமும் கீர்த்தனைகளும்தான். அவற்றையும் விட்டுக்கொடுக்கச் சொல்வதாகவே இந்தக் கோரிக்கை அவர்கள் காதில் விழுகிறது.

சென்ற மாதச் செயற்குழுவில் ஒரு மூப்பர், தமிழ் வேண்டாதவர்களுக்குத் தமிழ்ச் சபை எதற்கு என்று கேட்டுவிட்டார். பாடற்குழுவை நடத்திவந்த தம்பி எழுந்து வெளியே போனான். அவனோடு வாலிபர் பலரும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். போன இராப்போஜனத்தில், அதாவது அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில், இரண்டு குடும்பங்கள் பந்திக்கு முன்வரவில்லை. ஆராதனை முடிந்தபின் வளாகத்தில் ஆங்காங்கே நான்கைந்து பேராக நின்று பேசுகிறார்கள், நான் அருகே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. வாக்கெடுப்பு நடத்தி முடித்துவிடலாம் என்று சிலர் வற்புறுத்துகிறார்கள். சில வாக்குகள் வித்தியாசத்தில் ஒரு பக்கம் தோற்கும் என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு தோற்றவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இதைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற உபதேசியார், பெகு

தம்பி, சபையில் எழுந்த முதல் முறுமுறுப்பே மொழியை ஒட்டியதுதான். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள், தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், கவனிக்கப்படவில்லை என்று உள்ளூர் மொழி பேசிய எபிரெயர்மேல் குறைப்பட்டார்கள். அப்போஸ்தலர் அந்தக் குறையை அடக்கவில்லை. சபையாரைக் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். பெயரை மட்டும் வைத்து ஒருவனுடைய பிறப்பை உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் குறை சொன்னவர்களின் பக்கத்தாரிடமே பந்தி விசாரணையின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்றுதான் நான் பல ஆண்டுகளாக அந்த இடத்தை வாசித்துவருகிறேன். எபிரெயர் தங்களில் மூவரையாவது சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததாக அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை.

உங்கள் சபையில் இதைச் செய்ய முடியும். பர்மிய வேதவாசிப்பை எப்படிச் சேர்ப்பது என்ற திட்டத்தை வாலிபர் தமிழை நேசிக்கும் மூப்பர்களோடு உட்கார்ந்து எழுதட்டும். தமிழ் ஆராதனையில் எது குறையக்கூடாது என்பதைப் பெரியவர்கள் வாலிபரோடு உட்கார்ந்து எழுதட்டும். ஒவ்வொரு தரப்பும் மற்றவர்கள் இழக்கப்போவதைக் காக்கும் பொறுப்பை ஏற்றால், வாக்கெடுப்பு வரும்போது அது வெற்றி தோல்வியாகத் தெரியாது. அவசரப்படாதீர்கள். ஓராண்டு வளர்ந்த புண் ஒரு கூட்டத்தில் ஆறாது.

மறுமொழி 2: ஒரு சகோதரி, மௌலமைன்

உபதேசியார் ஐயா சொன்னதை நான் கண்ணீரோடு வாசித்தேன். எங்கள் சபையில் நாங்கள் வாக்கெடுப்பு நடத்தினோம். காரணம் மொழி இல்லை. பழைய கட்டடத்தைப் பழுது பார்ப்பதா, இடித்துக் கட்டுவதா என்பது. ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் என் பக்கம் ஜெயித்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாடிக்கொண்டு போனேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் வழக்கமாக உட்காரும் அக்கா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருபது ஆண்டுகள் என்னோடு சபை விருந்தாகிய அசனத்துக்கு வெங்காயம் உரித்தவர் அவர்.

அதில் என் குற்றம் என்ன என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். வாக்கெடுப்புக்கு முன் நான் அவரைப்பற்றி எட்டு வீட்டுச் சமையலறைகளில் பேசியிருந்தேன். அவரிடம் ஒருமுறைகூடப் பேசவில்லை. சகோதரன் குற்றம் செய்தால் தனித்திருக்கையில் அவனிடத்தில் போய்ச் சொல் என்று மத்தேயு 18-இல் ஆண்டவர் வகுத்த ஒழுங்கு எனக்கு மனப்பாடமாகத் தெரியும். முதலில் நீங்கள் இருவர் மட்டும், பிறகு ஓரிருவரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் சபை. நான் அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டேன். கடைசியில் காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்ற மத்தேயு 5-ஆம் அதிகாரத்து வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. எட்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: இவ்வளவு நாளாக ஏன் வரவில்லை?

ஆகையால், செயலாளர் தம்பி, திட்டங்களுக்கு முன்னால் அந்த மூப்பர் அந்தப் பாடற்குழுத் தம்பியின் வீட்டுக்குப் போக வேண்டும். செயற்குழுவில் சொன்ன சொல்லுக்குச் செயற்குழுவிலும் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இது நடக்காமல் எந்த அட்டவணை போட்டாலும் நிற்காது.

மறுமொழி 3: வாலிபர் சங்க உறுப்பினர், மாண்டலே

பெரியவர்களுக்கு மரியாதையோடு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒற்றுமை என்ற சொல்லை எங்களில் பலர் கேட்டுப் பழகியிருப்பது, நீ பேசாதே என்ற பொருளில்தான். எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடியபோது மிகுந்த தர்க்கம் உண்டாயிற்று என்று அப்போஸ்தலர் 15 மறைக்காமல் எழுதுகிறது. அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்ததைக் கலாத்தியரில் வாசிக்கிறோம். முந்தைய ஊழியப் பயணத்தில் பாதியில் விட்டுப்போன மாற்குவை மறுபடியும் கூட்டிக்கொண்டு போவதா என்பதில் பவுலும் பர்னபாவும் கடுங்கோபங்கொண்டு பிரிந்தார்கள். ஆனால் பிற்காலத்தில் அதே மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். எனவே வெளிப்படையாகப் பேசுவதை யாரும் அவிசுவாசமாக எண்ண வேண்டாம்.

என் வயதினருக்கும் ஒரு வார்த்தை. பர்மிய மொழிக்கு மாறினால் எல்லாம் விளங்கிவிடும் என்று நானும் நினைத்தேன். 1813-இல் யாங்கோனில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1834-இல் மொழிபெயர்த்து முடித்த பர்மிய வேதாகமத்தைத்தான் பல சபைகள் இன்றும் கையில் வைத்திருக்கின்றன. அதன் நடை உயர்ந்த பழைய நடை; பள்ளிப்படிப்பு முடித்த எனக்கே பல இடங்களில் விளக்கம் தேவைப்படுகிறது. தமிழிலும் அதே நிலைதான். எந்த மொழியில் வாசித்தாலும் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர் வேண்டும். எனக்குக் கீர்த்தனைகளின் பொருளைச் சொல்லித்தந்தவர் என் பாட்டி. அவர் பர்மிய எழுத்து அறியாதவர். நான் அவருக்குப் பர்மியப் பிரசங்கத்தின் சாரத்தைத் தமிழில் சொல்வேன். அப்படிச் செய்த நாட்களில் எங்கள் இருவருக்கும் மொழி ஒரு சண்டையாக இருந்ததில்லை.

செயலாளரின் மறுமொழி, மூன்று வாரங்களுக்குப் பிறகு

மூவருக்கும் நன்றி. சகோதரியின் மறுமொழியை அச்செடுத்து, பெயர் எதுவும் சொல்லாமல் அந்த மூப்பரிடம் கொடுத்தேன். மறுநாள் மாலை அவரே என்னை அழைத்தார். இருவரும் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனோம். பேச்சு எளிதாக இருக்கவில்லை. தம்பி கோபமாகத்தான் பேசினான், மூப்பரும் இரண்டு இடங்களில் தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் செயற்குழுவில் சொன்ன சொல் தவறு என்று அவன் தாயின் முன்னிலையில் ஒப்புக்கொண்டார்.

வாக்கெடுப்பை ஒத்திவைத்திருக்கிறோம். இப்போதைக்கு வேதபகுதி இரு மொழியிலும் வாசிக்கப்படும், கீர்த்தனைகள் தமிழிலேயே இருக்கும், பிரசங்கத்தின் சுருக்கத்தைப் பர்மிய மொழியில் எழுதி வாலிபர் கொடுப்பார்கள். இந்த ஏற்பாட்டை ஆறு மாதம் கழித்து மறுபடியும் எடுத்துப் பேசுவோம். கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பைப் பொறுப்பேற்று நடத்த இருவரை நியமித்திருக்கிறோம்: அந்த மூப்பரையும் அந்தத் தம்பியையும். பந்திக்கு வராமல் நின்ற இரண்டு குடும்பங்களில் ஒன்று திரும்பியிருக்கிறது. மற்றக் குடும்பத்தாரின் வீட்டுக்கு நாளை மறுநாள் போகிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்.