டர்பனில் பதினாறாம் நாள் காரியம்: மூத்தவர் பாஸ்டர், யார் செய்வது?

மதுரைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரைப் பக்கம், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கூட வேலை பார்க்கும் ஒருவர் ஐந்தாம் தலைமுறைத் தமிழர், இங்கே இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வீடு. போன வாரம் அவருடைய அம்மா தவறிவிட்டார். கிளேர் எஸ்டேட்டில் தகனம் முடிந்தது, நானும் போயிருந்தேன். இப்போது பதினாறாம் நாள் வருகிறது, சிக்கலும் கூடவே வருகிறது.

அந்த அம்மாவுக்கு மூன்று மகன்கள். மூத்தவர் பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் பாஸ்டர். நடு ஆள் என் நண்பர், வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிற வீடு. கடைசித் தம்பி ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சபையில் கிதார் வாசிப்பார், ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றுவார், கேட்டால் சிரிப்பார். அம்மா கடைசிவரை சாமி கும்பிட்டவர். தகனத்தன்று அவசரத்தில் நடு ஆளே எல்லாம் செய்துவிட்டார். பதினாறுக்கு மூத்தவர்தான் உட்கார வேண்டும் என்று பெரியம்மா ஒருவர் பிடிவாதம் பிடிக்க, அவரால் முடியாது, கடைசியில் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். இந்தியாவிலிருந்து வந்தவன், எனக்குத் தெரிந்திருக்குமாம்! எங்கள் வீட்டில் இதையெல்லாம் பெரியப்பா பார்த்துக்கொள்வார், எனக்குத் தெரிந்தது இலை போடுவது மட்டும்தான்.

அதைவிட என்னை உலுக்கியது மூத்தவர் சொன்ன ஒரு வாக்கியம். "என் அம்மா தமிழ், நான் கிறிஸ்டியன்" என்றார். நீங்களும் தமிழ்தானே என்று கேட்டேன். "இல்லை, நான் தமிழை விட்டு முப்பது வருடம் ஆகிறது" என்றார், சர்வசாதாரணமாக. தமிழை எப்படி விடுவது? இங்கே இவ்வளவு தமிழ்க் குடும்பங்கள் மாறியது எப்படி? சண்டை இல்லாமல் யாராவது விளக்கினால் நல்லது. காரியத்துக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

செல்வி_தூத்துக்குடி:

தம்பி, நான் கல்யாணமாகி சாட்ஸ்வொர்த் வந்து இருபத்திரண்டு வருடம். பிறவிக் கத்தோலிக்கம். எங்கள் ஊரில் பனிமய மாதாவுக்குத் தேர் இழுப்பார்கள், மல்லிகைப்பூ, பட்டுப்புடவை, எல்லாம் உண்டு. இங்கே வந்த முதல் வாரம் வீட்டுக்காரரின் சித்தி என்னைப் பார்த்து "நீ தமிழா, கிறிஸ்டியனா?" என்று கேட்டபோது எனக்கும் உங்கள் நிலைமைதான். பிறகுதான் புரிந்தது, இந்த ஊரில் தமிழ் என்பது மதத்தின் பெயர். இந்தி என்பது இன்னொரு மதம். தீபாவளிகூடத் தமிழ்த் தீபாவளி ஒரு நாள், இந்தித் தீபாவளி ஒரு நாள் என்று தனித்தனியாக வருவதுண்டு. வீட்டில் பேசுவது எல்லாரும் ஆங்கிலம்தான், மொழி போய்விட்டது. மிஞ்சியிருப்பது கோயில், கூழ், காவடி, காமாட்சி விளக்கு. அதற்குத் தமிழ் என்று பெயர். ஆக அந்த அண்ணன் "விட்டேன்" என்று சொன்னது இவற்றைத்தான், அவரை ரொம்பத் தப்பாக நினைக்க வேண்டாம்.

எப்படி மாறினார்கள் என்று கேட்டீர்கள். என் மாமியார் கதையைச் சொல்கிறேன், அதைப்போல இந்தத் தெருவில் பத்துக் கதை இருக்கிறது. அவர்கள் மேகசின் பாரக்ஸில் இருந்தவர்கள், மாநகராட்சி வேலைக்காரர்களின் குடியிருப்பு, பெரும்பாலும் தமிழர்கள். ஒரே வரிசையில் மாமியார், நாத்தனார், ஓரகத்தி, பக்கத்திலேயே கோயில். 1950இல் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டம் போட்டார்கள் அல்லவா, அதன்படி 1960களில் எல்லாரையும் பிடுங்கி சாட்ஸ்வொர்த்தில் நட்டார்கள். சாட்ஸ்வொர்த்தை யூனிட் யூனிட்டாகப் பிரித்திருப்பார்கள், அண்ணன் ஒரு யூனிட், தம்பி வேறு யூனிட், நடுவில் இரண்டு பஸ். வீடோ ஒரு குடும்பம் படுக்கவே போதாது. மாமனார் குடி. மூத்த பிள்ளைக்கு வலிப்பு. பழைய இடத்தில் என்றால் நாலு கிழவிகள் ஓடி வந்து வேப்பிலை அடித்திருப்பார்கள், இங்கே கதவைத் தட்ட ஆளில்லை. அப்போது தட்டியது இரண்டு வீடு தள்ளியிருந்த ஒரு தெலுங்கு அம்மா. தினமும் சாயங்காலம் வருவார், பிள்ளை தலையில் கை வைத்து ஜெபம் பண்ணுவார், போகும்போது பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போவார். ஆறு மாதத்தில் மாமனார் குடியை விட்டார். எது எதனால் நடந்தது என்று எனக்குத் தெரியாது. மாமியார் சாகும்வரை சொன்னது ஒன்றுதான்: "பாஸ்டர் வந்து நான் மாறவில்லை, அவள் வந்ததால் மாறினேன்."

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மாமியாரிடம் காமாட்சி விளக்கைக் கடலில் போட்டுவிடு என்று சபையில் சொன்னார்களாம். அவர் செய்தித்தாளில் சுற்றி அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டார். போன பிறகுதான் எடுத்தோம்.

காரியத்துக்கு வழி அடுத்த பதிவில் எழுதுகிறேன், அடுப்பில் குழம்பு இருக்கிறது.

உண்மைவிளம்பி:

இதற்கு இவ்வளவு நீளமா? வெள்ளைக்காரன் பணம் கொடுத்தான், மாறினார்கள். முடிந்தது.

பழையகணக்கு:

உண்மைவிளம்பி சார், முடியவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் வந்த முதல் கப்பல் ட்ரூரோ. 342 பேர். அதிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. கப்பல் பதிவேட்டில் சாதி என்று ஒரு பத்தி உண்டு, சிலருக்கு அதில் 'கிறிஸ்டியன்' என்றே எழுதியிருப்பார்கள், எழுதிய குமாஸ்தாவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆக இங்கே கிறிஸ்தவம் நடுவில் வந்து ஒட்டியது அல்ல, மூட்டை முடிச்சோடு ஏறி வந்தது.

ஆனால் அவர்கள் கொஞ்சம் பேர். பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரிகளும் ஆங்கிலிக்கன் மிஷனும் பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் வைத்தும் பெரிய கூட்டம் மாறவில்லை. மாறியவர்களில் சிலர் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், குமாஸ்தா ஆனார்கள். காந்தி டர்பனில் வக்கீலாக இருந்தபோது அவர் வீட்டில் தங்கிய ஒரு குமாஸ்தா, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய கழிவுப் பாத்திரத்தை எடுக்கும் விஷயத்தில் கஸ்தூர்பாவோடு சண்டை வந்து, மனைவியைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போனதை காந்தியே சுயசரிதையில் வெட்கத்தோடு எழுதியிருக்கிறார். கப்பல் ஏறியும், மதம் மாறியும் அந்த ஆளைச் சாதி விட்டதா என்பதை அந்த ஒரு காட்சியே சொல்லிவிடும்.

1903இல் நேட்டால், அதாவது டர்பன் இருக்கும் இந்தப் பகுதிக்கு வந்த ஜான் ரங்கையா தெலுங்கர், பாப்டிஸ்ட். அவரை அனுப்பியது இந்தியத் தெலுங்குக் கிறிஸ்தவர்களே நடத்திய சங்கம், வெள்ளைக்காரச் சங்கம் இல்லை. கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில்தான் அவருடைய முதல் சபை.

பெந்தெகொஸ்தே அலை அதற்கும் பின்னால். 1931இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஜே. எஃப். ரோலண்ட்ஸ் என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய பெதஸ்தா சபைதான் வேர். சரி, தொடங்கியவர் வெள்ளைக்காரர், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெருத்தெருவாகக் கொண்டுபோனவர்கள் இந்தியர்கள், பல சபைகள் வீட்டு முன்னறையிலும் கார் ஷெட்டிலும் தொடங்கியவை. பணம் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரவில்லை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாக இந்த ஏழைகள்தான் கொடுத்தார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தென்னாப்பிரிக்க இந்தியர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் கிறிஸ்தவர். செல்வி அக்கா சொன்ன இடப்பெயர்ச்சிதான் இதில் பெரிய காரணம் என்பது என் எண்ணம். கூட்டுக் குடும்பம் உடைந்த இடத்தில் சபை ஒரு கூட்டுக் குடும்பமாக வந்து உட்கார்ந்தது.

பாளையங்கோட்டை_ஜோபர்க்:

எனக்கு இரண்டு பக்கத்தின் மேலும் கோபம். நான் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, ஆறு தலைமுறையாகக் கிறிஸ்தவம், வேலை ஜோகன்னஸ்பர்க்கில். தமிழில் முதலில் அச்சான புத்தகங்களே கிறிஸ்தவப் புத்தகங்கள். 1715இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்துவிட்டது. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பாட்டு இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு பண்டிகை நடக்காது. அப்படிப்பட்ட எனக்கு இங்கே ஒரு சபையில், முன்னாள் தமிழன் ஒருவர் எழுந்து "ஆண்டவர் என்னைத் தமிழிலிருந்து விடுவித்தார்" என்று சாட்சி சொன்னபோது நாற்காலியிலிருந்து விழாத குறை. கோயில் கமிட்டிக்காரர் இன்னும் மோசம். தமிழ் வகுப்பு நடத்துகிறார்கள், என் மகளைச் சேர்க்கப் போனால் "நீங்கள் கிறிஸ்டியன் ஆயிற்றே, உங்களுக்கு எதற்குத் தமிழ்?" என்கிறார்!

பாஸ்டர்களிலும் எல்லாரையும் நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன். இப்போது சில இடங்களில் கார், வீடு, பதவி உயர்வு என்று ஆசீர்வாதப் பட்டியல் வாசிக்கிறார்கள், அந்தத் தெலுங்கு அம்மா கழுவி வைத்த பாத்திரம் எங்கே, இது எங்கே. நோய் குணமாகாதவனைப் பார்த்து உனக்கு விசுவாசம் பத்தவில்லை என்பதும் நடக்கிறது.

மதுரைத் தம்பி, படையல் சாப்பாடு விஷயம் கட்டாயம் வரும். அந்த அண்ணன் சாப்பிட மாட்டார். 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம் காட்டுவார். அதே அதிகாரத்தில் பவுல், விக்கிரகம் ஒன்றுமில்லை, சாப்பிட்டாலும் குறையில்லை, ஆனால் பலவீனமான சகோதரன் இடறக்கூடாது என்றுதான் சொல்கிறார். வாதாடிப் பாருங்கள் என்று சொல்லவில்லை, பாஸ்டரோடு வேதத்தில் வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை.

ஈப்போ_மணி:

நடுவில் மலேசியாவிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே இந்தியர்களில் கிறிஸ்தவர் 2010 கணக்கில் 6 விழுக்காடுதான். ஆனால் ஜூலை கடைசியில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிற கூட்டத்தில் யார் இந்து யார் கத்தோலிக்கர் என்று சத்தியமாகப் பிரிக்க முடியாது. என் அம்மாவே திருநீறு பூசிக்கொண்டு போவார். டர்பனில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஈஸ்டர் விடுமுறையில்தான் பெரிய கூட்டம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், சரியா?

செல்வி_தூத்துக்குடி:

சரிதான் மணி. பெரிய வெள்ளிக்கிழமையில்தான் திருவிழா. தோட்டத்தில் வெள்ளைக்காரன் லீவு விட்டதே ஈஸ்டருக்குத்தான், அன்றைக்குத் தானே ஆத்தாளைப் பார்க்க முடியும்! சபைக்காரர்கள் ஒருபக்கம் ஆராதனைக்குப் போக, இன்னொருபக்கம் மஞ்சள் புடவைக் கூட்டம் போகும்.

மதுரைத் தம்பி, இப்போது உங்கள் விஷயம். பெரியம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் என்று நம் பக்கம் பல இடங்களில் வழக்கம் உண்டு. பொய் இல்லை, தைரியமாகச் சொல்லலாம். கடைசித் தம்பி உட்காரட்டும். மூத்தவரை விளக்கு முன்னால் நிற்கச் சொல்லி யாரும் இழுக்கக் கூடாது. அவருக்குக் கூடாரம், நாற்காலி, சமையல்காரர் என்று வேலை கொடுங்கள். அவரும் பிள்ளைதானே, கை சும்மா இருந்தால் நெஞ்சு அடைக்கும். சாப்பாட்டை, படையல் போடுவதற்கு முன்னாலேயே ஒரு அண்டாவில் தனியாக எடுத்து மூடி வையுங்கள். அவர்கள் கண் முன்னாலேயே எடுக்க வேண்டும், அது முக்கியம். இந்த வட்டாரத்தில் பாதி வீட்டில் இப்படித்தான் ஓடுகிறது.

உண்மைவிளம்பி:

அம்மாவுக்குக் கடைசி மகன் என்பது எங்கள் வீட்டிலும் உண்டு. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

மதுரைக்காரன்:

நேற்றுப் பதினாறு முடிந்தது. எல்லாருக்கும் நன்றி, குறிப்பாக அக்காவுக்கு.

கடைசித் தம்பிதான் உட்கார்ந்தார். பெரியம்மா முதலில் முறைத்தார், "இந்தியாவில் அப்படித்தான்" என்று நான் சொன்னதும் அடங்கிவிட்டார், அந்த ஒரு வாக்கியத்துக்கு இங்கே இருக்கும் மரியாதை பயமாக இருக்கிறது. மூத்தவர் காலை ஐந்து மணிக்கே வந்து கூடாரம் கட்ட நின்றார். சடங்கு நடந்தபோது வெளியே முருங்கை மரத்தடியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஜெபம் செய்தாரா, அழுதாரா, நான் போய்ப் பார்க்கவில்லை. தேவாரம் பாடத் தெரிந்த ஒரு தாத்தா ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து, ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல், ராகம் பிசகாமல் பாடினார்.

அண்டா சமாசாரம் அப்படியே நடந்தது. மூத்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது முன்னாலேயே எடுத்ததுதானே?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் சாப்பிட்டார். அதற்குள் அவருடைய பேரன், நாலு வயது, பாட்டி இலையிலிருந்த வடையை எடுத்துத் தின்றுகொண்டு கூடாரத்துக்குள் ஓடி வந்துவிட்டான். அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். பையன் வாயைத் துடைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.