புதுப்பிப்பு: கூட்டம் கிடைத்தது, போயும் வந்துவிட்டேன்

மூன்று வாரத்துக்கு முன், மதுரையில் குடியை விட உதவும் கூட்டம் எங்கே நடக்கிறது, போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களா என்று புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

நண்பர் கொடுத்த பழைய முகவரியில் கதவு பூட்டியிருந்தது. அந்தக் கடுப்பில் டாஸ்மாக் பக்கம் போகாமல் வீடு வந்து சேர்ந்ததே பெரிய விஷயம். அப்புறம் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அமைப்பு) உதவி எண்ணில் கேட்டுவிட்டுப் போனேன். ஒரு சர்ச் வளாகத்தின் பின்னறை, பிளாஸ்டிக் நாற்காலி, டீ. கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்கவில்லை, குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதுமாம். 1935-இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் தங்கள் குடியைப் பற்றிப் பேசிக்கொண்டதில் தொடங்கியதாம் இது. தெரிந்தவர் ஒருவர் இருந்தார், என் தெருக்காரர்தான். அவரும் குடிநோயாளி என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார், அப்புறம் எனக்கென்ன வெட்கம்?

குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் திறந்த கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். என் மனைவி அல்-அனானுக்குப் போகிறாள், அது குடும்பத்தாருக்கானது.

தினமும் நிறையக் குடிப்பவர்கள் திடீரென நிறுத்தாதீர்கள், வலிப்புகூட வரலாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். நானும் அப்படித்தான் செய்தேன். இன்றோடு 16 நாள். சனிக்கிழமை மறுபடி போகிறேன்.