புதுப்பிப்பு: அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மசசாகா இன்னும் இருக்கிறதா?

2016 முதல் அமெரிக்காவில் அருகிவரும் இனமாகப் பாதுகாக்கப்படும் இந்தக் கிலுகிலுப்பைப் பாம்பு, கார்லைல் ஏரிப் பக்கம் இன்னும் இருக்கிறது. மற்ற இடங்களில் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். நரிப்பாம்பு (fox snake) என்ற நஞ்சற்ற பாம்பும் காய்ந்த சருகில் வாலை அடித்து அப்படியே ஏமாற்றும்.

முந்தைய பதிவில், மசசாகாவை அடையாளம் காணத் தலைத்தகடு (தலைமேல் உள்ள செதில்) பெரிதா என்று பார்க்கச் சொன்னது போதாது. இரண்டுக்கும் பெரிய தகடுகள்தான். பாம்பு உரித்த சட்டை கிடைத்தால் அதன் வால் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: மசசாகாவுக்குச் செதில்கள் பெரும்பாலும் ஒற்றை வரிசை, நுனி மொட்டையாகத் திறந்திருக்கும். நரிப்பாம்புக்கு இரட்டை வரிசை, நுனி கூர்மை.

தேட ஏப்ரல், மே சரி. புல் உயர்ந்துவிட்டால் காலடியில் கிடந்தாலும் கண்ணில் படாது. கிரேஃபிஷ் (இறால் போன்ற நன்னீர் உயிரி) தோண்டிய வளைகளைச் சுற்றி மெல்ல நடங்கள். மசசாகா குளிர்காலத்தை அந்த வளைகளுக்குள்தான், நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டிக் கழிக்கும். அப்போது யாராவது நீரை வடித்தால் உறைந்து சாகும்.