லென் எண்ணுவதற்கு என்ன பெயர்? (திங்களுக்குள் வேண்டும்)

காசிமேடு:
வணக்கம். இங்கே காசிமேட்டில் மாலை வகுப்பில் பைத்தான் நிரல்மொழி சொல்லித் தருகிறேன். திங்கட்கிழமை பயிற்சித்தாளை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். ஊர்ப்பெயரை வைத்து நீளம் காண்பது, வெட்டுவது, ஒட்டுவது என்று எளிய பயிற்சிகள்தான். ‘காசிமேடு’க்கு, நீளம் காணும் கட்டளையான லென் போட்டால் 8 வருகிறது. பிள்ளைகள் விரல்விட்டு எண்ணி 4 என்கிறார்கள். முதல் நான்கை வெட்டினால் ‘காசி’ மட்டும் நிற்கிறது. “நாலு எழுத்து கேட்டா காசிக்கு அனுப்புது சார்” என்றான் ஒருவன். இப்படி வரிசையாகக் கோத்த எழுத்துகளை ஸ்ட்ரிங் என்பார்கள், அதற்குச் ‘சரம்’ போட்டுவிட்டேன். இந்த எட்டில் ஒவ்வொன்றுக்கும் (ஆங்கிலத்தில் கேரக்டர்) என்ன பெயர் வைக்க?

பெரம்பூர்:
‘எழுத்து’ என்றே போடுங்கள். தொல்காப்பியர் கணக்கில் எழுத்து முப்பதுதானே? க், ஆ, ச், இ, ம், ஏ, ட், உ. எட்டு! கணினிக்கு இலக்கணம் தெரிந்திருக்கிறது. ஆனால் ‘சரம்’ வடசொல். ‘தொடை’ என்று மாற்றுங்கள். மோனைத் தொடை, எதுகைத் தொடை என்று யாப்பில் ஏற்கெனவே இருக்கிறது. ஒட்டுவதற்குத் ‘தொடுத்தல்’ தானாக வந்துவிடும்.

தண்டையார்பேட்டை:
ஐயா, ‘தொடையின் முதல் மூன்றை வெட்டுக’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நீங்களே வகுப்பை அடக்குங்கள். பூக்கடையில் சரம் என்றுதான் கேட்கிறோம், வடசொல் என்று எந்தப் பூக்காரம்மாவும் தர மறுத்ததில்லை.

அப்புறம், அந்த எட்டு தற்செயல். ‘எண்ணூர்’ போட்டுப் பாருங்கள். கண்ணுக்கு 4 எழுத்து. உங்கள் முறையில் எ, ண், ண், ஊ, ர் என்று 5. லென் சொல்வது 7. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறிமுறையான யூனிகோடில் ‘ண’தான் அடி, புள்ளியும் ஊகாரக் குறியும் தனித்தனி இடங்கள். இலக்கணத்தில் மெய்யோடு அகரம் சேர்ந்தால் ‘ண’, இங்கே ‘ண’வோடு புள்ளி சேர்ந்தால் மெய்.

பெரம்பூர்:
அதனால்தான் டேஸ்-16 என்ற தமிழ்க் குறிமுறை வேண்டும் என்றோம். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம். தமிழக அரசே 2010இல் யூனிகோடோடு அதையும் தரமாக ஏற்றது.

ராயபுரம்:
பசங்க கைபேசியில் இருப்பது யூனிகோடு. திங்கட்கிழமைக்கு வருவோமா? ‘எழுத்துரு’ என்றால் ஃபாண்ட், அது போயிற்று. ‘வரியுரு’ சில கலைச்சொல் பட்டியல்களில் உண்டு, கேட்டால் யாருக்கும் புரியாது. ‘எழுத்துக்கூறு’ என்கிறேன்.

தண்டையார்பேட்டை:
நிரலில் ஒரு வேலையைச் செய்யும் ஃபங்ஷனுக்குச் ‘செயற்கூறு’ என்கிறோமே, இடிக்காதா?

காசிமேடு:
இடிக்கட்டும். இந்தப் பக்கம் கூறு என்றால் மீன்தான். கூறு என்ன விலை என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள். பிரித்து வைத்த பங்கு என்று சட்டெனப் பிடித்துக்கொள்வார்கள். தாளில் ‘எழுத்துக்கூறு’, வாயில் ‘கேரக்டர்’. எழுத்தையே எண்ண ஓபன்-தமிழ் என்ற நிரல் நூலகம் இருக்கிறது, அது அடுத்த மாதம்.

ராயபுரம்:
சரி.

தண்டையார்பேட்டை:
அரை மனதோடு சரி.

பெரம்பூர்:
எனக்கு உடன்பாடில்லை. புள்ளி எழுத்தின் கூறன்று, மெய்யின் வடிவம். அச்சடித்துக்கொள்ளுங்கள். சரத்தில் இட எண்ணைக் குறிக்கும் இண்டெக்ஸுக்குச் ‘சுட்டு’ போட்டிருந்தால் மட்டும் இன்றிரவே சொல்லுங்கள். இலக்கணத்தில் அ, இ, உ மூன்றுதான் சுட்டு.